ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 83-ஆவது பிரிவைத் தேடிப் போய்ப் படிக்கும் அப்பாக்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் போனது ஒரு எண்ணைத் தேடி. ஒரு பிள்ளையை எந்த வயதில் தனியாக வெளியே நடக்க விடலாம்? வீட்டில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். சட்டம் எங்காவது ஒன்றைச் சொல்லியிருந்தால் வாக்குவாதம் முடிந்துவிடுமே என்று நினைத்தேன். மென்பொருள் வேலை பார்ப்பவன் புத்தி இப்படித்தான் போகும், முதலில் ஸ்பெசிஃபிகேஷன் எங்கே என்று கேட்கும்.

எத்தனை வயதில் பிள்ளையைத் தெருவில் தனியாக விடலாம் என்று நம் சட்டங்களில் நேரடியாக ஒரு எண் கிடையாது. ஆனால் பக்கத்து அறையில் அந்தக் கேள்விக்கு 160 வருடப் பழமையான பதில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 82-ஆவது பிரிவு சொல்வது: 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. 83-ஆவது பிரிவு 7-லிருந்து 12 வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. இங்கே வயதைப் பார்க்காதே என்கிறது சட்டம். தான் செய்வது என்ன, அதனால் என்ன ஆகும் என்று எடைபோடும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்குப் புத்தி முதிர்ந்திருந்ததா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. இன்னும் ஒரு சின்னச் சொற்றொடரையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். பொதுவாக முதிர்ந்திருந்ததா என்பது கேள்வி இல்லையாம், "அந்தச் சந்தர்ப்பத்தில்" முதிர்ந்திருந்ததா என்பதுதானாம்.

இதைத் தமிழில் சொல்ல நமக்குச் சட்டப் புத்தகமே வேண்டாம். "விவரம் தெரிஞ்ச புள்ள" என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். அவர்களும் வயது சொல்வதில்லை. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்ற பழமொழியில்கூட அளவுகோல் உயரம்தான், பிறந்த தேதி இல்லை.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதும் சுவாரசியமான கதை. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் எல்லைகள் 7-ம் 14-ம். மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் இந்தியாவுக்கான வரைவை முடித்தது. அது 1860-இல் சட்டமாகி, 1862-இல் நடைமுறைக்கு வந்தபோது மேல் எல்லை 12. இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கிடைத்த இரண்டு வருடச் சலுகை இந்தியப் பிள்ளைக்குக் கிடையாது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது எத்தனையோ எண்கள் மாறின. இந்த இரண்டு பிரிவும் 20, 21 என்று புது எண் வாங்கிக்கொண்டு, 7-ஐயும் 12-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டன.

ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் 12 எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பிக்கிறது. பெற்றவர்களே 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கைவிட்டுப் போனால் 7 வருடம் வரை சிறை என்று பழைய 317-ஆவது பிரிவு சொன்னது. (பயப்பட வேண்டாம். நிரந்தரமாகக் கைவிடும் நோக்கம் இருக்க வேண்டும். கொத்தமல்லி வாங்க அனுப்பினால் கணக்கில் வராது.) தாம்பரம் ஸ்டேஷனில் 5 வயது முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட், அதற்கு மேல் முழு ஆள். அரசு பஸ்ஸிலும் அரை டிக்கெட்டின் எல்லை 12-தான்.

இன்னொரு 12-ம் இருக்கிறது. அதைப் படித்த அன்று மேலே தேடாமல் லேப்டாப்பை மூடிவிட்டேன். 1860-இன் தண்டனைச் சட்டத்தில் ஒரு பெண் குழந்தை உடலுறவுக்கு இசைவு தரும் வயது 10. மனைவி விஷயத்திலும் அதே 10. கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கணவனால் இறந்த பிறகு, 1891-இல் பெரிய எதிர்ப்புகளுக்கு நடுவே அதை 12 ஆக்கினார்கள். அதாவது ஒரு பையன் 12-ஐத் தொட்டால் அவனுக்கு வெளிவாசல் திறக்கிறது. அதே 12-இல் ஒரு பெண்ணுக்கு அது சாத்தப்பட்டது. பத்து வயது வரை தெருவெல்லாம் ஓடியவள், "பெரியவள்" ஆனதும் திண்ணைக்குக்கூட வரக் கூடாது. நம் மொழியில் "பெரியவன் ஆயிட்டான்" என்றால் இனி கடைக்குப் போவான், "பெரியவள் ஆயிட்டா" என்றால் இனி போக மாட்டாள். எனக்கு இருப்பது மகள். 11 வயது முடிந்துவிட்டது. இந்த ஆராய்ச்சி எதற்கு என்று இதற்குள் புரிந்திருக்கும்.

சரி, தாம்பரத்துக்கு வருவோம்.

"நாங்க எல்லாம் அந்தக் காலத்துல..." என்று தொடங்கும் வாக்கியம் இந்த விவாதத்தில் வராமல் இருக்காது. என் அம்மாவுடைய ஆயுதமே அதுதான்: "நீ மூணாங்கிளாஸ்லயே ரேஷன் கடையில வரிசைல நின்னு மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்தேடா. இப்ப என்னமோ இவளைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றே." உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துத் தாம்பரம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியம் கட்டியதே காற்று நன்றாக இருக்கிறது, ஊரிலிருந்து விலகியிருக்கிறது என்பதால்தான். 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக் காட்டுக்கு மாறியது. தாம்பரம் நகராட்சி ஆனது 1964-இல், மாநகராட்சி ஆனது 2021-இல்தான். அதாவது நோயாளிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அமைதிக்காக வந்த இடம் இது. ஜி.எஸ்.டி. ரோடு அப்போதும் இருந்தது, வண்டிகள்தான் இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருக்கிறார். 78 வயது. சின்ன வயதிலிருந்து தாம்பரம்தான். எட்டு வயதில் தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனதாக ஒரு நாள் சொன்னார். "அவ்வளவு சின்ன வயசுல தனியாவா சார் போனீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தனியா எங்க போனோம்? பன்னெண்டு பேர் போவோம். எங்கக்கா எட்டாவது, அதுதான் லீடர். கேட் கீப்பருக்கு எல்லார் பேரும் தெரியும். எவனாவது ஒருத்தன் வரலேன்னா சாயங்காலம் வீட்டுல வந்து சொல்லிடுவார்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் போய் மண்ணெண்ணெய்க் கதையைக் குறுக்கு விசாரணை செய்தேன். எதிர்வீட்டு அண்ணன் கூட வந்தாராம். ரேஷன் கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராம். பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் நடந்தார்கள் என்பது சரி, ஆனால் தனியாக நடந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு பிள்ளை, யாருக்கும் பெயர் தெரியாத தெருவில், அடையாளம் தெரியாத வண்டிகளுக்கு நடுவே நடப்பது நம் தலைமுறைக்கு வந்திருக்கும் புதுக் கேள்வி. தாத்தாக்களின் அனுபவத்தில் அதற்குப் பதில் தேடினால் கிடைக்காது.

"எல்லாரும் நடந்தோம்" என்பதிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எல்லாச் சாதியினரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானமே கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், ஆண்டு 1924. அரசாணையும் வந்தது. ஒரு பிள்ளை எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் என் தாத்தாவின் ஆயுளுக்குள் அடங்கும். பழைய தெருவை நினைத்து ஏங்கும்போது இதையும் சேர்த்துத்தான் ஏங்க வேண்டும்.

அடுத்து பள்ளிக்கூடம். காமராசர் காலத்துக் கொள்கை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி. அந்த ஒரு மைலை யார் கடப்பது? ஆறு வயதுப் பிள்ளை, நடந்து. கல்விக்கொள்கை என்று நாம் படிப்பதற்குள் பிள்ளைகளின் நடையைப் பற்றிய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அதே கணக்கைத் தொடர்ந்தது. அதன் விதிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர். அப்படியென்றால் என் மகள் வயதுப் பிள்ளை 3 கிலோமீட்டர் நடப்பாள் என்று அரசாங்கம் எழுத்தில் நம்புகிறது. நானோ 900 மீட்டருக்குத் தயங்குகிறேன்.

ஆனால் 2010-இல் வந்த மத்திய விதிகளில் இன்னொரு வரியும் உண்டு. நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை, அல்லது பொதுவாக வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால், அதற்கேற்ப இந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது அது. எழுதியவர் மனதில் மலைக்கிராமம் இருந்திருக்கும். எனக்கு அதைப் படிக்கும்போது ஜி.எஸ்.டி. ரோடுதான் தெரிந்தது. "பொதுவாக ஆபத்து" என்பதற்குள் ஆறு வழிச் சாலை வராதா என்ன? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு "வெள்ளம்" என்ற சொல்லும் தூரத்து விஷயம் இல்லை.

நடைமுறையில் நம்மில் பலர் அந்த 1 கிலோமீட்டருக்குள் பிள்ளையைச் சேர்ப்பதே இல்லை. அருகில் அரசுப் பள்ளி இருக்கும். நாம் எட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு வேனுக்குப் பணம் கட்டுவோம். (நானும் அதே கும்பல்தான்.) இதில் ஒரு வேடிக்கை: அதே தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கும் குடும்பம் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். பணம் கட்டும் பிள்ளை எங்கிருந்தும் வரலாம். பள்ளிக்கு நடந்துவரும் உரிமை இப்போது ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வேனும் பஸ்ஸும் பாதுகாப்பானவை என்று நாம் நம்பியதற்கு எங்கள் ஊரில் ஒரு தேதி உண்டு. 2012 ஜூலை 25. பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, முடிச்சூர் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். ஆறு வயது. அந்தப் பேருந்து தகுதிச் சான்று வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கோபத்தில் மக்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். தலைமை நீதிபதி எம்.ஒய். இக்பால் தலைமையிலான உயர்நீதிமன்ற அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பள்ளி வாகனங்களுக்கான தமிழ்நாடு சிறப்பு விதிகள் வந்தன. இன்று தாம்பரம் தெருக்களில் ஓடும் ஒவ்வொரு மஞ்சள் பஸ்ஸின் உதவியாளரும், ஆண்டுதோறும் மே மாதம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி நடக்கும் சோதனையும் அந்த விதிகளின் வழிவந்தவை. நல்ல மாற்றம்தான். ஆனால் நடந்துபோகும் பிள்ளைக்காக அதே வேகத்தில் ஒரு விதியும் வரவில்லை. நடைபாதையில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், "ஏன் தனியா அனுப்பினாங்க?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கேட்கிற நாம், நடக்கும்போது சாலையை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் தகுதிச் சான்று கேட்கிறோம்.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்த இடத்தைத் துல்லியமாகத் தொட்டார்கள். 1971-இல் அங்கே 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அதே பள்ளிகளில் மறுபடி கேட்டபோது 9 விழுக்காடு. இருபதே வருடம். அதே காலத்தில் சாலையில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சாலை பாதுகாப்பானதாகிவிட்டது என்று அரசு மார்தட்டிக்கொண்டது. ஹில்மன் சொன்னது வேறு: சாலை மோசமாகிவிட்டதால் பிள்ளைகளை எடுத்துவிட்டீர்கள், சாவதற்கு அங்கே பிள்ளையே இல்லை. எங்கள் மெயின் ரோட்டில் விபத்துக் கணக்கை மட்டும் வைத்து "இங்கே பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆனதில்லையே" என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டத் தோன்றுகிறது.

ஹில்மனிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. "தனியாகப் போகலாமா" என்ற ஒரே கேள்வியை அவர் ஆறு அனுமதிகளாக உடைத்தார். சாலையைக் கடக்க, பள்ளியிலிருந்து திரும்பி வர, பள்ளி அல்லாத இடங்களுக்குப் போக, பஸ் ஏற, பெரிய சாலையில் சைக்கிள் ஓட்ட, இருட்டிய பிறகு வெளியே போக. ஒன்று கிடைத்தால் எல்லாம் கிடைத்ததாக அர்த்தமில்லை. 2015-இல் இதே கேள்விகளை 16 நாடுகளில் கேட்டுப் பார்த்தார்கள். ஃபின்லாந்து முதலிடம். இலங்கை அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. அமெரிக்காவில் நடந்துபோன பிள்ளைகளைப் போலீஸ் பிடித்து வைத்த சம்பவங்களுக்குப் பிறகு, யூட்டா மாநிலம் 2018-இல் ஒரு சட்டம் போட்டு, பிள்ளையைத் தனியே நடக்க விடுவது அலட்சியம் ஆகாது என்றது. அதிலும் எண் இல்லை. "ஆபத்தைத் தவிர்க்கப் போதிய வயதும் முதிர்ச்சியும்" என்றுதான் இருக்கிறது. சுற்றிச் சுற்றி 83-ஆவது பிரிவுக்கே வந்துவிட்டார்கள்.

முதிர்ச்சிக்கு ஒரு உடல் எல்லையும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனில் ஸ்டினா சாண்டெல்ஸ் என்ற உளவியலாளர் 1960-களில் பிள்ளைகளைச் சாலையில் வைத்தே ஆராய்ந்தார். சின்னப் பிள்ளைகளை எவ்வளவு பழக்கினாலும் போக்குவரத்துக்கு ஏற்றவர்களாக ஆக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கு ஏற்றபடி ஆக்க வேண்டும் என்று முடித்தார். 2011-இல் லண்டன் பக்கத்து ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை இதைக் கண்ணிலிருந்தே விளக்கியது. எதிரே வரும் வண்டி நம் கண்ணில் பெரிதாகிக்கொண்டே வரும் வேகத்தை வைத்துத்தான் அது நெருங்குகிறது என்று மூளை அறிகிறது. தொடக்கப் பள்ளி வயதில் இந்தத் திறன் முழுசாக வளரவில்லை. மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி, அவர்களுக்கு நின்றுகொண்டிருப்பது போலவேகூடத் தெரியலாம். "பாத்து வா" என்று நாம் சொல்கிறோம், பிள்ளையும் பார்க்கத்தான் செய்கிறது.

எங்கள் வழியில் இருப்பது வேளச்சேரி மெயின் ரோடு. நடுவில் தடுப்பு இருப்பதால் இரண்டு தவணையில் கடக்கலாம். ஒரு பக்கம் ஏறத்தாழ 7 மீட்டர். பாதசாரிகளுக்குப் பொறியாளர்கள் வைக்கும் வழக்கமான வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர், ஆக 6 விநாடி. தயக்கத்துக்கு 2 விநாடி சேர்த்தால் 8. மணிக்கு 40-இல் வரும் வண்டி 8 விநாடியில் சுமார் 90 மீட்டர் வந்துவிடும். 60-இல் வந்தால் 130-க்கு மேல். ஆக வண்டி 130 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் காலை எடுத்து வைக்கலாம். அவ்வளவு தூரம் தெரிய வேண்டுமே? ஓரத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவும் காரும் 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளையின் கண்ணுக்கு ஒரு சுவர்.

இரண்டு சனிக்கிழமை நானும் அவளும் போய் நின்று பார்த்தோம். வண்டி வேகத்தை ஊகிக்கச் சொல்லவில்லை, தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். "அந்த மெடிக்கல் ஷாப்புக்கு இந்தப் பக்கம் ஏதாவது வந்தா நிக்கணும்" என்பது விதி. சாயங்காலம் நாலரைக்கு நல்ல இடைவெளிகள் கிடைத்தன. ஆறு மணிக்கு ஒரு இடைவெளிக்காக அவளோடு நானும் முழித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, உனக்கே முடியலையே" என்றாள். நியாயம்தான்.

நடைபாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தெருவிலும் இதே கதைதான். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி தடங்கலின்றி 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல், நாட்டிலேயே முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கை கொண்டுவந்தது. அப்போது தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே. எங்கள் பக்கம் நடைபாதை டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்து அங்கே முடிந்துபோகும். பிறகு சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். சாண்டெல்ஸும் ஹில்மனும் கணக்கில் எடுக்காத தெருநாய்களும் மூடியில்லாத வடிகால்களும் தனி.

வீட்டில் உண்மையான சண்டை வேறு இடத்தில் இருந்தது. மனைவி பயந்தது வண்டிக்கு இல்லை, ஆட்களுக்கு. "பையனா இருந்தா நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன்" என்று வெளிப்படையாகவே சொன்னாள். அதற்கு என்னிடம் இருந்தது எண்கள் மட்டும்தான். 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 18 வயதுக்குக் கீழானவர்கள் 9,528 பேர். நடந்துபோய் இறந்தவர்கள் எல்லா வயதிலும் 32,825. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். மறுபக்கம், போக்சோ சட்டத்தில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்த ஆள், தெருவில் எதிர்ப்படும் அந்நியன் இல்லை. வீட்டுக்குள்ளும் வேனுக்குள்ளும் டியூஷனிலும் இருக்கக்கூடியவர்கள். ஆபத்து எங்கே என்று பார்த்தால் அடைத்து வைப்பது கைகொடுக்காது என்றேன். "சரி, அந்த மீதிப் பத்துல என் பொண்ணு இருந்தா?" என்றாள். இதற்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதில் கிடையாது, நான் சொல்லவும் முயலவில்லை. ஆனால் 12-இல் பெண்ணுக்குக் கதவு சாத்துகிற அந்தப் பழைய கணக்கை நம் கையால் மறுபடி போட வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான்.

ஆகவே வயதை விட்டுவிட்டு அனுமதிகளைப் பிரித்தோம். தெருமுனை அண்ணாச்சி கடை, இஸ்திரி வண்டி, ஜூனிலேயே கொடுத்தாயிற்று. கடைக்காரருக்கும் இஸ்திரிக்காரருக்கும் நான் போய், "இனிமே இவ தனியா வருவா, கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட் கீப்பர் கதையிலிருந்து கற்றது அது. மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிளை நூலகம் ஜூலையில். போகும் வழியில் தெரியாதவர் கூப்பிட்டால் எந்தக் கடைக்குள் ஏற வேண்டும், 1098 எதற்கு என்பதெல்லாம் அவளே ஒப்பிப்பாள். அடுத்த பிளாக்கில் அதே பாட்டு கிளாஸுக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர். மூவருமாகப் போகட்டும், சிக்னல் வரை கூடுதலாக நடந்து அங்கே கடக்கட்டும் என்று ஆகஸ்டில் முடிவானது. முதல் வாரம் என் அம்மா இருபது அடி பின்னால் நடந்தார். பிள்ளைகளுக்கு அது பெரிய அவமானம். இரண்டாம் வாரம் விட்டுவிட்டார்.

இருட்டிய பிறகு என்ற அனுமதி மட்டும் யாருக்கும் இல்லை. கிளாஸ் ஆறு மணிக்கு முடிகிறது. ஜூன், ஜூலையில் அப்போது நல்ல வெளிச்சம். கார்த்திகையில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அதோடு மழை, தண்ணீருக்கு அடியில் வடிகால் மூடி இருக்கிறதா இல்லையா என்று பெரியவர்களுக்கே தெரியாத மாதங்கள். அதே பிள்ளை, அதே 900 மீட்டர், சந்தர்ப்பம்தான் வேறு. தை பிறக்கும் வரை கிளாஸை நாலரைக்கு மாற்ற முடியுமா என்று மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து பாட்டு டீச்சரிடம் கேட்டிருக்கிறோம். மார்கழியில் அவருக்குக் கச்சேரிகள் இருக்கின்றனவாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.